பசி தெரியாதவன் பிடித்த விரதம்

எனக்குப் பசித்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. கடைசியாக எப்போது பசித்தது என்று கேட்டால், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வெறும் வயிற்றோடு படுத்திருந்தபோது என்று சொல்வேன். பக்கத்து அறையிலிருந்து சாம்பார் வாசம் வந்தது. எழும்பிப் போய் அந்த அறைக்காரரோடு ஏதாவது சொந்தம் கொண்டாடலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த நாள் வயிற்றை வெட்டினார்கள். அதோடு அந்தச் சனியன் என்னை விட்டுப் போய்விட்டது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். பாலன் சேர் என்றால் ரியூஷன் கொடுக்கிற ரியூட்டரிப் பக்கம் தெரியும். பின்னால் பீப்பா சேர் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். நூற்று நாற்பது கிலோவில் இருந்த ஒருவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் இருந்தன. நித்திரையில் என் மூச்சு இடையிடையே நின்றுபோகும். அது திரும்ப வரும்வரைக்கும் என் மனைவி வதனா விழித்துக் காவலிருப்பாள். சென்னையில் வயிற்றைச் சின்னதாக்கும் சத்திரசிகிச்சை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அப்போது கொழும்பில் அதைச் செய்துகொண்ட ஒருவரையும் எனக்குத் தெரியாது.

என்ன செய்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரைப்பையின் மேல் நுனியில் ஒரு கோழிமுட்டை அளவு இடத்தை மட்டும் தனியாகப் பிரித்துத் தைத்து, அதைக் குடலின் நடுப்பகுதியில் கொண்டுபோய் இணைத்துவிட்டார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே வேலையில்லாமல் கிடக்கிறது. ஆகவே கொஞ்சம்தான் சாப்பிடலாம்; சாப்பிட்டதிலும் முழுச் சத்து உடம்பில் சேராது. சேராததைக் குளிசையாகவும் ஊசியாகவும் சாகும்வரை எடுக்கவேண்டும். இதைப் படம் கீறி விளங்கப்படுத்திய சென்னை டொக்டர் "சாகும்வரை" என்பதை இரண்டு தரம் சொன்னார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நன்றாகக் கீறினார்.

மெலிந்த பிறகு என் உடம்பு எனக்கே ஒரு பரிசோதனைக்கூடமாகிவிட்டது. கொழும்பு வெயிலில் எனக்குக் குளிரத் தொடங்கியது. கதிரையில் இருந்தால் அடியில் எலும்பு குத்தியது. எனக்கு அங்கே எலும்பு இருந்ததே நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. தலைமயிர் கொட்டிப் பிறகு முளைத்தது. வயிற்றுத் தோல் காற்றுப் போன பலூன் மாதிரித் தொங்கியது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் முட்டையளவு வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை. இரும்புக் குளிசை போட்டால் தேத்தண்ணியைத் தள்ளி வைக்கவேண்டும், தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருநாள் சோதனைக்காக அரைக் கிண்ணம் பாயாசம் குடித்துப் பார்த்தேன். சீனி ஒரேயடியாகக் குடலில் போய் விழ, நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, கட்டிலில் போய் விழுந்தேன்.

"பாயாசத்தையும் விட்டுவைக்க மாட்டியளே?" என்றாள் வதனா.

"எக்ஸ்பெரிமென்ற்," என்றேன்.

"உங்கட எக்ஸ்பெரிமென்றுக்கு முகம் துடைக்கிறது நான்."

மெலிந்தவனைக் கண்டால் எங்கள் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். மார்க்கெட்டில் காணும் மனுசர் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு வதனாவைத் தள்ளிக் கூப்பிட்டு, "என்ன பிள்ளை, சேருக்குச் சுகமில்லையோ?" என்று குரலை இறக்கிக் கேட்பார்கள். அவர்கள் மனதில் இருந்தது புற்றுநோய். அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் கதை சொல்லுவாள். எனக்கு அது பகிடியாக இருந்தது.

எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது பசி போனதுதான். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு ஹோர்மோன் சுரக்கிறது, அதுதான் மூளைக்குப் போய்ப் பசி என்று சொல்கிறது என்றும், வெட்டித் தைத்தபின் அது குறைந்துவிடுகிறது என்றும் வாசித்தேன். பலருக்கு ஒரு வருடத்தில் திரும்பி வருமாம். எனக்கு வரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பறக்கிறதற்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பெருமையில்தான் விரதம் பிடிக்கலாம் என்ற எண்ணம் வந்தது.

வதனா கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருப்பவள். அந்த ஆறு நாளும் நான் மரக்கறிச் சாப்பாட்டைக் குறைசொல்லிக்கொண்டு, வழியில் கடையில் வடையும் தின்றுவிட்டு வருகிறவன். சத்திரசிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமாகியிருந்த அந்தக் கந்தசஷ்டிக்கு, "நானும் பிடிக்கிறன்," என்றேன்.

"உங்களுக்கு ஏலுமே? டொக்டரை ஒருக்கா கேப்பமே?"

"பசியே இல்லாதவனுக்கு விரதத்திலை என்ன கஷ்டம் வதனா? இதுக்கெல்லாம் டொக்டரே?"

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபிறகு நான் பின்வாங்குவேனா? கோயிலில் ஐயரே என் பக்கம் வந்து தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் பிழை அந்த ஆறு நாளில் தொடங்கவில்லை. எங்கள் வீட்டில் நவராத்திரிக்குப் பானை சட்டி கழுவிச் சைவமாகினால், அதன்பின் கேதார கௌரி விரதம், தீபாவளி, கந்தசஷ்டி என்று விரதம் முடிக்கும் பாறணை வரைக்கும் மச்ச மாமிசம் உள்ளே வராது. அந்த வருடம் நவராத்திரிக்கு முதல் நாள், விற்றமின் போத்தலைக் கையில் எடுத்தபோது எனக்குள் இருந்த இரசாயனவியல் ஆசிரியர் விழித்துக்கொண்டார். கப்சூலின் கோது ஜெலற்றினால் செய்தது. ஜெலற்றின் மாட்டு எலும்பையும் தோலையும் அவித்து எடுப்பது. நானே வருடாவருடம் புரதம் படிப்பிக்கும்போது சொல்லுகிற விஷயம்.

"வதனா, இவ்வளவு நாளும் விரதத்திலை மாட்டெலும்பு விழுங்கியிருக்கிறன்," என்றேன்.

அவள் காதைப் பொத்தினாள். போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்தோம். விரதகாலம் முடிய எடுக்கலாம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம்.

கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் காலை வகுப்பில் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினேன். அது இரண்டாகத் தெரிந்தது. ஒன்றுக்கு மேலே ஒன்று, கொஞ்சம் சரிவாக. ஒரு கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் இரண்டு. சுவாரசியமாகத்தான் இருந்தது. மாறிமாறி மூடித் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். முன்வாங்கிலில் இருந்த பிள்ளை ஒருத்தி, "சேர், நீங்கள் ஆடுறியள். இருங்கோ சேர்," என்றாள். அப்போதுதான் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது தெரிந்தது. கையை எடுத்தேன். தரை ஒரு பக்கம் சரிந்தது.

வீட்டுக்கு யாரோ கொண்டுவந்து விட்டார்கள். மேல்மாடி ஃபிளற்றில் இருக்கும் பரிமளம் அக்கா ஓடிவந்து பார்த்தார். நல்ல மனுசி, தெருவில் யாருக்குத் தலைசுற்று என்றாலும் முதலில் அவர்தான் போய் நிற்பார்.

"விரதக் களை. குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தால் எழும்பிடுவார். முருகன் கோவிக்கமாட்டான்," என்று குளுக்கோஸ் ரின்னைத் திறந்து, ஒரு பெரிய கப்பில் கரைத்துக் கொடுத்தார். வதனா இன்னொரு கப் கொடுத்தாள்.

நான் எழும்பவில்லை. நெஞ்சு படபடத்து, வியர்த்து, பின்னேரமாகும்போது கண்களைப் பக்கவாட்டில் திருப்பவே முடியாமல் போனது. கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரிக் கிடந்தன. இதற்கு மேல் நடந்ததில் பாதியை வதனா சொல்லித்தான் தெரியும்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் செக்பொயின்ற். யுத்தகாலக் கொழும்பில் ஒரு தமிழன் அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கவும் போகமாட்டான். என் அட்டையை வதனா நீட்டினாள். அதில் இருந்தது பீப்பா சேர். ஓட்டோவில் சரிந்து கிடந்தவனுக்கு அந்த முகத்தில் பாதிகூட இல்லை. ஆமிக்காரன் அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மே கவுத? மே ஓயா நெமெய்." இது யார், இது நீ இல்லை என்கிறான்.

எனக்கு இரண்டு ஆமிக்காரர் தெரிந்தார்கள். எவனுக்குப் பதில் சொல்வது என்று விளங்காமல் நடுவில் பார்த்துச் சிரித்தேனாம். இறங்கச் சொன்னான். இறங்கினேன், விழுந்தேன்.

"பீலாத?" குடித்திருக்கிறானா என்று அவன் கேட்டதும் வதனா ஓட்டோவை விட்டுக் குதித்தாள். ஐந்து நாள் மிளகுத் தண்ணீரில் இருந்தவள். தனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் சேர்த்து, வருத்தம், ஒப்பரேஷன், மெலிந்துவிட்டார் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் நம்பவில்லை. கடைசியில் என் சேர்ட்டைத் தூக்கி, தொங்கிய தோலை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள்.

"பலன்ன மஹத்தயா. மே எயா தமாய்." பாருங்கள் ஐயா, இது அவரேதான்.

நடுரோட்டில், காலி வீதி சனமெல்லாம் பார்க்க. ஆமிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் காட்டினான், போகலாம் என்று.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்கள லேடி டொக்டர். சின்ன உருவம், அவசரமில்லாத குரல், எங்களோடு இங்கிலீஸில் கதைத்தார். தன் விரலைப் பார்வையால் பின்தொடரச் சொன்னார். என் கண்கள் பாதி வழியில் நின்று துடித்தன. முழங்காலில் சுத்தியலால் தட்டினார்; கால் அசையவில்லை. எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"சென்னையில்," என்றேனாம்.

வதனா அழத் தொடங்கியது அப்போதுதான். டொக்டர் மூன்று சொற்கள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ரோசாப்பூ, பஸ், குடை.  அப்படி ஏதும் சொன்னீர்களா என்றேனாம்.

வயிற்றுச் சத்திரசிகிச்சை பற்றி வதனா சொன்னதும் டொக்டர் எழுந்தே விட்டார். இரத்தம் எடுத்த கையோடு, முடிவு வரும்வரை காத்திராமல், ஊசி மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். குளுக்கோஸ் சேலைன் கொழுவ வந்த நேர்ஸைத் தடுத்து, முதலில் இது, பிறகு அது என்றார். தலையை ஸ்கான் எடுத்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை, கட்டி இல்லை.

அடுத்த நாள் தெளிவு கொஞ்சம் வந்தபின் விளங்கப்படுத்தினார். தயமின் என்று ஒரு விற்றமின், பி வன். உடம்பு சீனியை எரிப்பதற்கு அது வேண்டும். உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான். அது முடிந்தால் முதலில் அடிபடுவது மூளையில் கண்ணையும் நடையையும் ஞாபகத்தையும் பார்க்கும் பகுதிகள். அந்த நேரம் குளுக்கோஸ் கொடுத்தால், அதை எரிப்பதற்கு மிச்சமிருக்கும் துளித் தயமினும் செலவாகிவிடும்.

"கண் சீக்கிரம் வரும்," என்றார் டொக்டர். "நடை வர மாதங்கள் ஆகலாம். ஞாபகத்தை இப்போது சொல்ல முடியாது. சிலருக்குப் புதிதாகக் கேட்பது எதுவும் தங்காது."

படிப்பிக்கிறவனுக்கு இதைவிட என்ன சொல்லவேண்டும்? கரும்பலகைக்கு முன்னால் நிற்கக் கால் இல்லை, எழுதினதைப் பார்க்கக் கண் இல்லை, எழுதினது என்ன என்று நினைவும் இல்லையென்றால் நான் யார்? வாழ்க்கையில் முதல்தரம் எனக்கு என் உடம்பு சுவாரசியமாக இல்லை. பயந்தேன். கட்டிலில் கிடந்தபடி ஆவர்த்தன அட்டவணையை ஐதரசனிலிருந்து சொல்லிப் பார்த்தேன். எல்லாம் வந்தது. பிறகு காலையில் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தேன். வரவில்லை.

"விற்றமின் ஒன்றும் எடுக்கவில்லையா?" என்று டொக்டர் கேட்டபோது வதனா என்னைப் பார்த்தாள். நான் ஜெலற்றின் கதையைச் சொன்னேன். மாட்டெலும்பு, விரதம், அலுமாரிக்கு மேலே வைத்த போத்தல், எல்லாம்.

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "கோதைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கலாமே," என்றார்.

அந்த வாட்டில் ஒரு கட்டிலுக்கும் கேளாமல் இருந்திருக்கக் கூடாதா? பக்கத்துக் கட்டில் கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு இங்கிலீஸ் நன்றாக விளங்கியது; அவர் போர்வையை மூக்குவரை இழுத்துச் சிரித்தார்.

"கெமிஸ்ற்றி மாஸ்ரர், டொக்டர், இவர்," என்றாள் வதனா. டொக்டர் போனபின் தமிழில் மிச்சத்தைச் சொன்னாள். "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். கரைக்கிறதெண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"நீரும்தானே காதைப் பொத்தினீர்?"

"ஓம். நானும்தான்," என்றாள். அந்தக் குரலில் சண்டை இல்லாதது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் டொக்டர் வந்து மூன்று சொற்கள் சொல்லிவிட்டுப் போவார். மற்றக் கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்து திருப்பிக் கேட்பார். முதல் நாட்களில் ஒன்று வரும், இரண்டு போகும். வராதபோது நான் சொற்களை உண்டாக்கிச் சொன்னேன் என்றும், அதை நானே நம்பினேன் என்றும் வதனா சொன்னாள். கண் சொன்னபடி சீக்கிரம் வந்தது. உலகம் இரண்டிலிருந்து ஒன்றாக இறங்கிய காலையில் நான் முதலில் பார்த்தது வதனாவின் முகம். இரண்டு வதனாக்கள் நெருங்கி வந்து ஒன்றாகினார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் பாறணை பண்ணினாளா என்று அதுவரைக்கும் நான் கேட்கவே இல்லை.

பிறகு ஒரு காலையில் டொக்டர் கேட்டதும், "மாம்பழம், தபால்பெட்டி, செருப்பு," என்று மூன்றையும் சொன்னேன். கொட்டாஞ்சேனை ஐயா கைதட்டினார். அவரும் எனக்காக அவற்றை மனதில் வைத்திருந்தாராம். தனக்குச் செருப்பு மறந்துபோனது என்றார்.

நடை மட்டும் சுணங்கியது. வாட்டுத் தரையின் ஓடுகளுக்கு இடையில் உள்ள கோட்டில் ஒரு குதிக்காலை மற்றப் பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்வார்கள். கள்ளுத் தவறணையால் வருகிறவன் நடையைவிட மோசமான நடை. வீட்டுக்கு வந்தும் தைப்பொங்கல் வரைக்கும் கைத்தடிதான். இருந்துகொண்டு படிப்பித்தேன், பிள்ளைகளில் ஒருவர் கரும்பலகையில் எழுதுவார். இன்றைக்கும் இரண்டு பாதங்களிலும் ஒரு மரத்த தன்மை இருக்கிறது, செருப்பு கழன்றால் தெரியாது. அது இனிப் போகாதாம். புதிய முகத்தோடு புதிய அடையாள அட்டையும் எடுத்துவிட்டேன். குளிசைகளை இப்போது வதனா தன் கையால் தருகிறாள், விழுங்கும்வரை நிற்கிறாள், வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். பசி வரவில்லை.

அடுத்த கந்தசஷ்டி வந்தது. வதனா வழக்கம்போல மிளகும் தண்ணீரும். ஆனால் இம்முறை அவள் விரதத்தோடு அடுப்படியில் நின்று எனக்கு வேளாவேளைக்குச் சமைத்தாள். பயறு, பருப்பு, தயிர், கொஞ்சச் சோறு. வாசத்தின் நடுவில் வெறும் வயிற்றோடு நிற்கிறவளைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. கடையில் எடுக்கிறேன் என்றேன். விடவில்லை.

ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போனோம். வாசலில் பைகளைத் திறந்து சோதித்துத்தான் விட்டார்கள். உள்ளே சரியான சனம். கைத்தடி இல்லாமல், வதனாவின் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். சூரன் தலையை மாற்றிக்கொண்டு சுற்றிவர, சனம் முன்னும் பின்னும் அசைந்தது. நான் விழவில்லை.

அப்போது வதனா பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். அவித்த கடலை. என் சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

"இஞ்சையோ?" என்றேன். சுற்றிவர நின்றவர்கள் முழுக்க விரதகாரர். போன வருடம் எனக்குத் தலையாட்டின ஐயர் நாலடி தள்ளி நின்றார். "எல்லாரும் பாக்கினம் வதனா. வீட்டை போய்ச் சாப்பிடுறன்."

"பாக்கிறவை பாக்கட்டும். சாப்பிடுங்கோ."

பெட்டியைக் கையில் திணித்தாள். முன்னால் நின்ற மனுசி திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு கடலையாகப் போட்டு, கூழாகும்வரை மென்று விழுங்கினேன். வதனா சூரனைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் விழுங்கும்போது அவள் தொண்டையும் ஏறி இறங்கியது.

"உமக்குப் பசிக்கேல்லையே?" என்று கேட்டேன். இத்தனை வருட விரதத்தில் நான் அவளிடம் ஒருதரமும் அதைக் கேட்டதில்லை.

"பசிக்குது," என்றாள். "உங்கட பசியும் சேத்து எனக்குத்தான் பசிக்குது. நீங்கள் சாப்பிடுங்கோ."